நான் டொபி கொடுத்த அழுகை

மடுல்சீமை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மகள் நிரோஜாவுக்கு உன் பெரியப்பா தம்பையா எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் பெரியம்மா பூவம்மா, உன் மகன் தினேஸ் மூவரும் மாரியம்மன் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம், குளிர்தான் கொஞ்சம் கூட. குவைத்தில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, நீ வேலை செய்யும் வீட்டு அம்மாவின் ஏச்சுப் பேச்சுக்கு நடுவிலும் உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன். முதலில் சந்தோசச் செய்தி. தினேஸ் நடப்பான் என்று நான் அன்றைக்கே சொன்னேனா இல்லையா? எல்லாவற்றையும் நான் முன்கூட்டியே சொன்னேன். இந்த வருடம் மழை பிந்தும் என்றேன், பிந்தியது. பசறை ரோட்டில் அந்த வளைவில் மண் சரிந்து இறங்கும் என்றேன், இறங்கியது. அதேபோல்தான் இதுவும். போன வெள்ளிக்கிழமை நம் வாசலில் இருந்து லயத்து வீட்டு வரிசைக் கோடியில் உள்ள தண்ணீர்ப் பைப்படி வரைக்கும் ஒருவரையும் பிடிக்காமல் ராசா மாதிரி நடந்து போனான். லயமே வெளியே வந்து பார்த்தது, கங்காணி தொப்பியைக் கழற்றிவிட்டார். இதை நான் சத்தமாக வாசித்துக்கொண்டே எழுதியதில் உன் பெரியம்மா அடுப்படியில் இருந்து, "செவத்தப் புடிச்சிக்கிட்டுத்தானே போனான், கங்காணி அன்னைக்கு ஊர்லயே இல்லையே" என்கிறாள். சரி, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் போனான். கங்காணியை நீ எடுத்துவிடு. ஆனால் நடந்தது நடந்ததுதான்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். பசறைக் கடை ஜௌபர் நானாவின் மகன் ஜஸீல் லீவு முடிந்து நாளைக்குக் குவைத் போகிறான், செவ்வாய்க்கிழமை உன் கையில் நேரே தருவதாகச் சொல்லியிருக்கிறான், அவனிடம்தான் இதைக் கொடுக்கிறேன். போனில் பேசினால் ஸ்பீக்கரைப் போட்டுப் பாதி லயம் கேட்கிறது, அது ஒன்று. இன்னொன்று, உனக்குத் தெரியாததா, பேச ஆரம்பித்தால் என் வாய் தானாகவே பூ வைத்துப் பொட்டு வைத்துவிடுகிறது. இந்தக் கிழமையில் உன்னிடம் ஒரு விசயம் சொல்ல வேண்டுமென்று போனை எடுத்தேன், கடைசியில் மடுல்சீமைக்குப் புது பஸ் வரப்போகிறது என்று சொல்லிவிட்டு வைத்தேன். அப்படி ஒரு பஸ்சும் வரவில்லை. எழுதினால் கை வலிக்கும், கை வலித்தால் பொய் குறையும் என்று பேனையை எடுத்திருக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் எழுத்து, பிழை இருந்தால் பொறுத்துக்கொள். உன் அப்பா, என் தம்பி, இருந்திருந்தால் அவன் எழுதியிருப்பான். அவன் போனபிறகு என் கையில் வளர்ந்தவள் நீ, அதனால் இது என் வேலை.

தினேசுடைய சேதி சொல்கிறேன். கால் இரண்டும் இன்னும் கத்திரிக்கோல் மாதிரிக் குறுக்கே போகிறது, குதிங்கால் தரையில் படாமல் நுனிக்காலில்தான் நிற்கிறான். அதற்குக் கிளினிக்கில் பிளாஸ்டிக்கில் ஒரு சப்பாத்து செய்து கொடுத்திருக்கிறார்கள், போட்டால் முதலில் முறைப்பான், பிறகு பழகிவிடுவான். காலையும் மாலையும் காலை நீட்டி மடக்கிப் பிடித்துவிட ஒரு மிஸ் சொல்லிக்கொடுத்தார், நான்தான் செய்கிறேன், மற்றப் பிள்ளைகளின் தாய்மாருக்கும் நானே சொல்லிக்கொடுக்கலாம் என்று அந்த மிஸ் சொன்னார், அல்லது சொல்ல நினைத்தார் என்று வைத்துக்கொள். வலது கை இன்னும் பொத்தியபடியே இருக்கிறது. பென்சிலை இடது கையில் பிடிக்கிறான், கோடு ஒரு பக்கம் போக அவன் கண் இன்னொரு பக்கம் போகிறது. ஒன்றாம் வகுப்பில் மற்றப் பிள்ளைகள் எழுத்துக் கூட்டும்போது இவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறானாம், ஆனால் பாட்டென்றால் வார்த்தை வராவிட்டாலும் ராகம் தப்பாமல் வருகிறதாம். பேச்சு கொஞ்சம் கூடியிருக்கிறது. தண்ணி, பஸ், ம்மா, போ என்பதெல்லாம் எங்களுக்கு விளங்கும், வெளியாட்களுக்கு விளங்காது. உன் பெரியம்மாவைப் பார்த்து "போ" என்பதை மட்டும் ஊருக்கே விளங்கும்படி சொல்கிறான். லயத்துப் பிள்ளைகள் அவனை இப்போதும் "சங்கு, சங்கு" என்றுதான் கூப்பிடுகிறார்கள். அந்தப் பேர் என்னால் வந்தது. தேயிலைப் பெக்டரியில் வேலைக்காரர்களை எழுப்பும் சங்கை இருபது வருடத்துக்கு மேல் அழுத்தியவன் நான், அந்தச் சங்கு மாதிரிப் பிள்ளை பிறந்தவுடன் அழுதான் என்று போகிற இடமெல்லாம் சொன்னவனும் நான்தான். அந்தக் கதை உனக்கு மனப்பாடம். நீ உள்ளே இருந்தாய், நான் வெளியே பெஞ்சில் இருந்தேன், முதல் அழுகை கேட்ட கையோடு இனிப்புக் கொடுக்க வேண்டும் என்ற நம் வீட்டு வழக்கத்துக்காக ஒரு பை நிறைய டொபி வைத்திருந்தேன், கதவுக்குள்ளிருந்து அழுகை வந்தது, வார்ட்டே அதிர்ந்தது, நேர்ஸ்மார் காதைப் பொத்தினார்கள், நான் எழுந்து ஒருவரையும் விடாமல் டொபி கொடுத்தேன். பேச வராத பிள்ளைக்குச் சங்கு என்று பேர் இருப்பதைப் பற்றி இதுவரை நான் யோசித்ததில்லை. நேற்றுப் பைப்படியில் ஒரு பையன், "சங்கு, எங்கடா ஊதிக் காட்டு" என்றான். இவனும் வாயைத் திறந்து திறந்து பார்த்தான், காற்றுத்தான் வந்தது. நான் வாளியை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

போன வாரம் பதுளைக்குப் போனோம், புதிதாக வந்திருக்கும் டொக்டர் றிப்தா என்பவரிடம். சின்ன வயது, தமிழிலேயே பேசுகிறார், தினேசை மடியில் வைத்துக்கொண்டு அவன் கையை விரித்துப் பார்த்தார், காலைத் தட்டிப் பார்த்தார், ஒரு பந்தைக் கட்டிலுக்குக் கீழே உருட்டிவிட்டு எங்கே என்று கேட்டார், இவன் குனிந்து காட்டினான், டொக்டரம்மாவுக்குச் சந்தோசம். பிறகு என்னைப் பார்த்து, "அங்கிள், புள்ள பொறந்த ஒடனே அழுதா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். நான் யோசிக்கவே இல்லை மகள். யோசிக்க என்ன இருக்கிறது, ஆறு வருடமாகச் சொன்ன கதை, வாய் தானாகத் திறந்து பெக்டரிச் சங்கு, வார்ட் அதிர்ந்தது, நேர்ஸ்மார் காதைப் பொத்தியது எல்லாவற்றையும் கொட்டிவிட்டது. பக்கத்தில் நின்ற நேர்ஸ் சிரித்தார். டொக்டரம்மா சிரிக்கவில்லை. பேனையை மேசையில் வைத்துவிட்டு, "அழாம பொறந்திருந்தா இதெல்லாம் எனக்கு வெளங்கும் அங்கிள். பொறக்கிற நேரம் மூளைக்குக் காத்துப் போகாம நிண்டா, அது சில நிமிசம்தான், ஆனா அது வெளிய தெரிய வருசக்கணக்கு ஆகும். தல நிக்கிறதுல தெரியும், நடக்கிறதுல தெரியும், பேச்சுல தெரியும், பள்ளிக்கூடம் போன பொறகு படிப்புல தெரியும். இவர்ர காலும் கையும் அப்பிடித்தான் சொல்லுது. ஆனா நீங்க நல்லா அழுதார் எண்டுறீங்க, அப்ப நான் வேற காரணம் தேட வேணும்" என்றார். பிறந்தபோது ஆஸ்பத்திரியில் தந்த கார்ட் போன வருட மழையில் ட்ரங்குப் பெட்டிக்குள் கஞ்சியாகிப் போனதைச் சொன்னேன், அங்கே எழுதிக் கேட்டாலும் வர நாளாகும் என்றார். பிறகு கொழும்புக்கு அனுப்ப வேண்டுமென்று பிள்ளையின் கையில் இரத்தம் எடுத்தார்கள். நல்ல கை, பென்சில் பிடிக்கிற கை. உன் பெரியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள், நான் பிடித்துக்கொண்டேன். டொக்டரம்மா கடைசியாக, "சின்னதுல எங்கயாச்சும் உழுந்தாரா? தலையில அடி கிடி பட்டதா? புள்ளட உம்மாட்டயே கேப்பம், புதன்கிழம வீடியோவுல எடுத்துத் தாங்க" என்றார். அதைத்தான் பெரியம்மா உனக்குப் போனில் சொன்னாள்.

அந்த இரவு நீ பெரியம்மாவிடம் பேசியது எனக்குக் கேட்டது. நான் வெளியே கை கழுவிக்கொண்டிருக்கிறேன் என்று நீங்கள் இருவரும் நினைத்தீர்கள். "எட்டு மாசத்துல கட்டில்ல இருந்து வுழுந்துட்டான் பெரியம்மா, நான் துணி எடுக்கத் திரும்புன நேரம். வீங்கவும் இல்ல, ஒண்ணும் இல்ல, அதனால யாருகிட்டயும் சொல்லல. பொறந்தப்ப அப்பிடிச் சத்தமா அழுத புள்ள. நான்தான் அவன இப்பிடி ஆக்கிட்டேன். புதன்கிழமை டொக்டர்கிட்டச் சொல்லிடுறேன், என்ன தண்டன குடுத்தாலும் பரவாயில்ல" என்று நீ சொன்னாய். பெரியம்மா, "அழாதம்மா, அழாதம்மா" என்றாள். நான் ஈரக் கையோடு இருட்டில் நின்றேன். உள்ளே வந்து பேச வேண்டிய ஆள் நான்தான். வரவில்லை. பிறகு பெரியம்மா சாப்பாடு போட்டபோது, ரோட்டில் சிறுத்தையைப் பார்த்ததாக ஒரு கதை சொன்னேன்.

நீ ஏன் அப்படி நினைத்தாய் என்று எனக்குத் தெரியும். பிறந்தபோது நன்றாக இருந்த பிள்ளை என்றால், பிறகு யாரோ கெடுத்திருக்க வேண்டும், அதுதானே கணக்கு. விஜேந்திரனும் கொழும்பிலிருந்து வருகிற போதெல்லாம், "பொறந்தப்பச் சங்கு மாதிரிக் கத்துன புள்ள, தாய் வுட்டுட்டுப் போனதுலதான் இப்பிடி வாயடச்சிப் போயிட்டான்" என்று நாலு பேர் முன்னால் சொல்கிறான். உன் புருசனை நான் ஒரு தரமும் மறுத்துப் பேசவில்லை. அவன் வாயில் வருவது என் கதை, எப்படி மறுப்பேன்? ஆனால் நீ ஒன்றை நினைத்துப் பார் மகள். கட்டிலிலிருந்து விழுவதற்கு எவ்வளவோ முன்பே, நாலு மாதத்தில் அவனுக்குத் தலை நிற்கவில்லை. பெரியம்மா சொன்னாள், "கழுத்து தொவண்டுக்கிட்டே இருக்கே" என்று. பால் குடிக்கும்போது புரை ஏறும், குளிப்பாட்டும்போது அந்த வலது கை விரியாது, கால் இரண்டும் குச்சி மாதிரி விறைக்கும். எட்டு மாதத்தில் அடுத்த வீட்டுக் காம்பராப் பிள்ளை தவழ்ந்து நம் வாசலுக்கு வந்தது, இவன் தலையணை இல்லாமல் உட்காரவில்லை. நீ பயந்து என்னிடம் கேட்டாய். நான் என்ன சொன்னேன்? நம் வம்சத்தில் எல்லாரும் பிந்தித்தான், நானே மூன்று வயதில்தான் நடந்தேன், இன்றைக்கு என் நடையைப் பார் என்று லயத்து வாசலில் நடந்து காட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய். மாதாமாதம் கிளினிக்குக்குக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள், இரண்டு தரம் போனோம், கொரோனா வந்து பஸ் நின்றது. நின்ற பஸ் மறுபடி ஓடியது, நாம்தான் போகவில்லை. சங்கு மாதிரி அழுத பிள்ளைக்குக் கிளினிக் எதற்கு என்று சொன்னது யார்? நான்தான். அந்த வருடங்களில் காலைப் பிடித்துவிட்டிருந்தால் இன்றைக்குச் சுவர் இல்லாமலே நடந்திருப்பானோ என்னவோ. டொக்டரம்மாவிடம் அதைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

சரி மகள், தாளும் முடிகிறது. உடம்பைப் பார்த்துக்கொள், வெயிலில் வெறுங்காலோடு மொட்டைமாடிக்குத் துணி காயப்போடப் போகாதே, ஜஸீலிடம் கொடுத்தனுப்பும் மிளகாய்த்தூளைக் காற்றுப் படாமல் வை. மாரியம்மன் உன்னைக் காப்பாற்றுவாள். இப்படிக்கு உன் அன்புள்ள பெரியப்பா.

இவ்வளவோடு முடித்து ஒட்டிவிடலாம் என்றுதான் மேலே ஆசீர்வாதம் எழுதினேன். பசையும் எடுத்தேன். தினேஸ் பக்கத்தில் உட்கார்ந்து பசை டப்பாவின் மூடியை இடது கையால் திறக்கப் பார்க்கிறான், வரவில்லை, என்னிடம் தராமல் திரும்பத் திரும்பப் பார்க்கிறான். அவன் அவ்வளவு பாடுபடும்போது நான் இந்த ஒன்றை எழுதாமல் விடக் கூடாது.

அன்றைக்குக் கதவுக்குள்ளிருந்து வந்த அழுகை நம் பிள்ளையுடையது இல்லை. உனக்கு முன்னால் உள்ளே போன வெலிமடைப் பெண்ணின் பிள்ளை அது. அந்த நேரம் அது எனக்கு எப்படித் தெரியும், பிள்ளை அழுதது, டொபி கொடுத்தேன், அந்தப் பெண்ணின் அம்மாவுக்கும் கொடுத்தேன், அவளும் தன் பேரப்பிள்ளையின் டொபி என்று தெரியாமல் வாங்கி வாயில் போட்டாள். நாங்கள் எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தபோது கதவு திறந்து ஒரு நேர்ஸ் துவாய்த் துணியில் சுற்றி ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். பின்னால் ஒருவர் அதன் வாயில் காற்றுப் பையை வைத்து அமுக்கிக்கொண்டே ஓடினார். கால் ஒன்று வெளியே தொங்கியது, நாவற்பழ நிறம். சத்தமே இல்லை மகள். பெயர் கேட்டேன், உன் பெயரைச் சொன்னார்கள். பிறகு ஒரு டொக்டர் வந்து, கொடி கழுத்தில் சுற்றியிருந்தது, ஆஸ்பத்திரிக்கு வரும் வழியிலேயே வலி நீண்டுவிட்டது, பிள்ளை அழவில்லை, மூச்சு எடுக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது, எங்களால் முடிந்ததைச் செய்கிறோம் என்று சிங்களத்தில் சொன்னார். என் சிங்களத்தைப் பற்றி நான் எவ்வளவோ அளந்திருக்கிறேன், அன்றைக்குப் பார்த்து ஒரு சொல் தப்பாமல் விளங்கியது. அவர்கள் சொன்னபடிதான் செய்தார்கள், அவர்கள் இல்லாவிட்டால் இன்றைக்கு இந்த மூடியோடு சண்டை போட ஆள் இல்லை.

நீ மயக்கம் தெளிந்து கண்ணைத் திறந்ததும் முதலில் கேட்டது, "பெரியப்பா, புள்ள அழுதுச்சா?" என்பதுதான். நாக்குக் குழறியது உனக்கு. என் கையில் வெறும் டொபிப் பை. அந்த வார்ட்டில் பாதிப் பேர் என் டொபியைத் தின்றவர்கள், என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். "அழுதான் மகள், பெக்டரிச் சங்கு மாதிரி அழுதான்" என்றேன். நீ சிரித்துக்கொண்டே தூங்கிப் போனாய். அந்த ஒரு நேரத்துக்கு அது சரியென்று இன்றைக்கும் எனக்குத் தோன்றுகிறது. அடுத்த நாள் டொக்டர் வந்து சிங்களத்தில் சொன்னதை உனக்குத் தமிழில் சொல்லவேண்டியவனும் நான்தான், அப்போதாவது சொல்லியிருக்கலாம். கண்ணாடிப் பெட்டி மலைக் குளிருக்கு, மூக்கில் குழாய் சளிக்கு என்று சொல்லிவிட்டேன். பிறகு அந்த அழுகையைத் தூக்கிக்கொண்டு ஊரெல்லாம் போனேன். சொல்லச் சொல்ல எனக்கே கேட்க ஆரம்பித்தது. வேறு கதைகளுக்கு நான் வெட்கப்பட மாட்டேன், கங்காணி தொப்பி, சிறுத்தை, புது பஸ் எல்லாம் போகட்டும். இந்த ஒன்றுக்குப் பூவம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை, இதைச் சத்தமாக வாசிக்காமல்தான் எழுதுகிறேன், அவளிடம் இன்னும் சொல்லவில்லை, இதை ஒட்டியபிறகு சொல்வேன்.

புதன்கிழமை நானும் டொக்டரம்மாவின் மேசைக்கு முன்னால்தான் நிற்பேன். அவர் கேட்கும் முன்பே சொல்லிவிட வேண்டும் என்று இருக்கிறேன். ஆனால் என்னை நீ நம்பாதே. என் வாய் மறுபடியும் சங்கு ஊத ஆரம்பித்தால், "பெரியப்பா, டொபி" என்று மட்டும் சொல், நிறுத்திவிடுவேன். கட்டிலில் இருந்து விழுந்ததையும் சொல், மறைக்க வேண்டாம், டொக்டரம்மா கேட்டு எழுதிக்கொள்ளட்டும். ஆனால் அதற்கு முன்னால் இதைச் சொல், அவர் தேடும் காரணம் இதுதான். அதன்பிறகு உன் வாயால் தண்டனை என்ற சொல் வரக் கூடாது. எனக்கு ஏச வேண்டுமென்றால் ஸ்பீக்கரைப் போடச் சொல்லியே ஏசு, லயம் கேட்கட்டும், அவர்களுக்கும் நான்தானே சொன்னேன்.

நீயும் உன் பிள்ளையும் நூறு வயசுக்கு நன்றாக இருக்க வேண்டும். மூடியை அவனே திறந்துவிட்டான், இது மெய், பெரியம்மாவைக் கேள்.

தினேஸ் பிறந்தபோது அழவில்லை. நீ ஒன்றும் செய்யவில்லை மகள்.

இப்படிக்கு,
அடுத்தவர் பிள்ளையின் அழுகைக்கு டொபி கொடுத்த
உன் பெரியப்பா,
தம்பையா.